இரட்டைக்குழிக் கழிப்பறை: ஊரே சேர்ந்து கவனிக்க வேண்டியவை

முதலில் ஊரார் தெருத்தெருவாக நடந்து கிணறு, அடிபம்பு எல்லாவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள். அவற்றிலிருந்து 10 மீட்டருக்குள் குழி வரக்கூடாது. மணற்பாங்கான நிலமென்றால் இன்னும் தள்ளிப் போங்கள்.

ஐந்து பேர் வீட்டுக்கு 1 மீட்டர் விட்டம், அதைவிடச் சற்றுக் கூடுதல் ஆழத்தில் இரண்டு குழிகள் போதும். இடையே 1 மீட்டர் விடுங்கள். சுற்றுச்சுவரில் செங்கலை இடைவெளி விட்டு அடுக்குங்கள். அடியில் சிமென்ட் பூசவே கூடாது. பூசினால் தண்ணீர் மண்ணில் இறங்காமல் குழி சீக்கிரமே நிரம்பிவிடும். 'கெட்டியா இருக்கட்டும்' என்று கொத்தனார் பூசிவிடுவது இங்கேதான்; அன்றைக்கு ஊர்க்குழுவில் ஒருவர் கூடவே நிற்கட்டும்.

ஒரு நேரத்தில் ஒரு குழி மட்டும். கழிப்பறையிலிருந்து மற்றக் குழிக்குப் போகும் குழாயின் வாயைச் செங்கல், களிமண்ணால் அடைத்துவிடுங்கள். நிரம்பியதும் அடைப்பை மாற்றி, தேதியைக் கதவில் எழுதுங்கள். நிரம்பிய குழியை 2 வருடம் திறக்காதீர்கள். அதற்குள் மலம் வாடையற்ற, உதிரும் கருமண்ணாகிவிடும். வீட்டாரே மண்வெட்டியால் அள்ளி வயலுக்குப் போடலாம்.