அருவிக்கு மதிப்புப் போடும்போது சறுக்கும் இடங்கள்

கன்னியாகுமரி மாவட்டத்தில் இருக்கும் திற்பரப்பு அருவிக்கோ முட்டம் கடற்கரைக்கோ ரூபாயில் மதிப்புப் போடச் சொன்னால் பலரும் முதலில் செய்வது இதுதான்: நுழைவுச்சீட்டு வசூல், வண்டி நிறுத்தக் கட்டணம், நேந்திரங்காய் சிப்ஸ் கடை வியாபாரம், லாட்ஜ் வாடகை எல்லாவற்றையும் கூட்டிக் கோடிக்கணக்கில் ஒரு எண்ணை எழுதிவிடுவது. அது அங்கே புழங்கும் பணம், அவ்வளவுதான். சிப்ஸ் கடைக்காரர் கைக்குப் போன பணத்தில் வாழைக்காய் இருக்கிறது, எண்ணெய் இருக்கிறது, ஆள் கூலி இருக்கிறது. அருவி எங்கே இருக்கிறது? வருகிறவர் இன்னும் எவ்வளவு கொடுக்கத் தயாராக இருந்தார், அதில் கொடுக்காமல் அவர் கையிலேயே எவ்வளவு தங்கியது என்பதைத்தான் பார்க்க வேண்டும். பள்ளிப் பொருளாதாரத்தில் படித்த நுகர்வோர் உபரிதான் அது. மார்த்தாண்டத்திலிருந்து வருபவருக்குப் போக வர எல்லாம் சேர்த்து 100 ரூபாய் ஆகிறது, 300 ஆகியிருந்தாலும் வந்திருப்பார் என்று வைத்துக்கொள்வோம். அவர் பெயரில் எழுத வேண்டியது 200.

2021 முதல் அரசு டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. செலவையே மதிப்பு என்று எடுத்துக்கொண்டால், குலசேகரத்திலிருந்து டவுன் பஸ் ஏறி வந்து ஆற அமரக் குளித்துவிட்டுப் போகிற அக்காவுக்கு அந்த அருவி ஒன்றுமே இல்லை என்று கணக்கு சொல்லும். அவரிடம் போய் அதைச் சொல்லிப் பாருங்கள்.

இதற்குத்தான் பயணச் செலவு முறை. 1947-இல் ஹரால்டு ஹோட்டலிங் என்ற பொருளியலாளர் அமெரிக்கத் தேசியப் பூங்காத் துறைக்கு எழுதிய கடிதத்தில் இந்த யோசனையைச் சொன்னார், 1959-இல் மரியன் கிளாசன் அதைக் கணக்காகச் செய்து காட்டினார். தூரத்திலிருந்து வர அதிகம் செலவாகும், அதனால் அங்கிருந்து வருகிறவர்கள் குறைவாக இருப்பார்கள். செலவு கூடக் கூட வருகை எப்படிக் குறைகிறது என்று காட்டும் தேவைக் கோடு ஒன்றை அந்தக் குறைவை வைத்து வரையலாம். யோசனை எளிது, சறுக்குவது விவரங்களில்தான்.

முதலாவது, நேரம். பயணத்துக்கு ஆன நேரத்தையும் செலவில் சேர்க்க வேண்டும், பலரும் கூலியில் மூன்றில் ஒரு பங்கு என்று போட்டுவிட்டு நகர்ந்துவிடுவார்கள். குமரி மாவட்டத்தில் அதைக் கண்ணை மூடிக்கொண்டு போட முடியாது. ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுகிறவருக்குக் காலையிலேயே வேலை முடிந்துவிடும், மரத்துக்கு மழைக்காப்பு கட்டாத தோட்டம் என்றால் மழை நாளில் வேலையே இருக்காது, அருவியில் தண்ணீர் கொட்டுவதும் அதே மழைக்காலத்தில்தான். அவருடைய அன்றைய நேரத்துக்கும், அரை நாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு வந்த ஊழியரின் நேரத்துக்கும் ஒரே விலையா?

அடுத்தது கன்னியாகுமரியிலேயே அதிகம் நடக்கிற தவறு. வெளியூரிலிருந்து ஒரு சுற்றுலா பஸ் வருகிறது. சுசீந்திரம் கோயில், பத்மநாபபுரம் அரண்மனை, விவேகானந்தர் பாறை, விடிகாலையில் சூரிய உதயம், அப்புறம் நேரே ராமேஸ்வரம். கடற்கரையில் நின்றிருந்த பயணியைப் பிடித்துக் கேட்டு, அவருடைய மொத்தப் பயணச் செலவையும் சூரிய உதயத்தின் தலையில் கட்டிவிடுகிறார்கள். சிலர் ஐந்து இடம் என்றால் ஐந்தால் வகுப்பார்கள், அதற்கும் எந்த அடிப்படையும் இல்லை. "சூரிய உதயம் இல்லையென்றாலும் இந்த ஊருக்கு வந்திருப்பீர்களா? இதற்காகவே ஒரு இரவு கூடுதலாகத் தங்கினீர்களா?" என்று கேளுங்கள். அந்தக் கூடுதல் இரவுதான் கணக்குக்கு வரும். கார்த்திகை, மார்கழியில் வரும் ஐயப்ப பக்தர்களைத் தனியாக வையுங்கள். சிவராத்திரியை ஒட்டித் திற்பரப்பில் தலையெண்ணினால் இன்னும் மோசம், பன்னிரண்டு சிவன் கோயில்களை ஓடியே தரிசிக்கும் சிவாலய ஓட்டத்தில் மூன்றாவது கோயில் அங்கேதான், ஓடி வருகிறவர்களை அருவி ரசிகர்கள் கணக்கில் சேர்த்துவிடுவீர்கள். கன்னியாகுமரிக் கடலில் 1970-இல் விவேகானந்தர் பாறை மண்டபம், 2000-இல் 133 அடி வள்ளுவர் சிலை, 2024 டிசம்பர் கடைசியில் இரண்டையும் இணைக்கும் கண்ணாடிப் பாலம் என்று ஒவ்வொன்றாக வந்திருக்கிறது. பாலம் வந்த பிறகு கூட்டம் கூடினால் அதைக் கடலின் மதிப்பு கூடியதாக எழுதக் கூடாது.

இதிலிருந்து வருவதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிற தவறு: இடத்துக்கு மதிப்புப் போட்டுவிட்டு, அங்கிருக்கும் ஓர் இயற்கை அம்சத்துக்குப் போட்டதாக நினைத்துக்கொள்வது. திற்பரப்பில் அருவி மட்டுமா இருக்கிறது? மகாதேவர் கோயில், மேலே தடுப்பணையில் படகு, குழந்தைகளுக்கான குளம், மர நிழல் எல்லாம் உண்டு. கோதையாற்றில் நீர்வரத்து பாதியானால் என்ன இழப்பு என்பதுதான் கேள்வி என்றால், தண்ணீர் நிறைய விழும் வாரங்களையும் நூலாக வடியும் வாரங்களையும் ஒப்பிட்டாக வேண்டும். மற்றவை மாறாமல் தண்ணீர் மட்டும் மாறும்போது யார் வராமல் போகிறார்கள், வந்தவர்கள் எவ்வளவு நேரம் நிற்கிறார்கள் என்று பாருங்கள். கோடை விடுமுறைக் கூட்டத்தையும் பள்ளி நாள் கூட்டத்தையும் கலக்காதீர்கள், கலந்தால் விடுமுறைக்குத்தான் மதிப்புப் போட்டிருப்பீர்கள்.

வெள்ளம் வந்து குளிக்கத் தடை போடுகிற நாளை யாரும் சட்டை செய்வதில்லை, தரவுக்கு அதைவிட நல்ல நாள் கிடையாது. திருப்பி அனுப்பப்பட்டவர்கள் மாத்தூர் தொட்டிப்பாலத்துக்கோ பேச்சிப்பாறை அணைக்கோ போய்விட்டால் மாற்று இருக்கிறது, அருவிக்கென்று உள்ள மதிப்பு அந்த அளவுக்குக் குறைவு. முணுமுணுத்துக்கொண்டே வீட்டுக்குத் திரும்பினால் மாற்று இல்லை. மாற்று இடங்களைச் சேர்க்காத கணக்கு எப்போதும் ஊதிப்போய்த்தான் நிற்கும்.

ஆட்களைத் தேர்ந்தெடுப்பதிலும் கவனம் வேண்டும். சொத்தவிளை கடற்கரையில் நின்று எதிர்ப்படுகிறவரையெல்லாம் கேட்டால், தினமும் நடக்க வருகிறவர் உங்களிடம் மாட்டும் வாய்ப்பு ஆண்டுக்கு ஒருமுறை வருபவரைவிடப் பல மடங்கு அதிகம். அதைத் திருத்தாமல் சராசரி எடுத்தால் ஊரே தினம் கடற்கரைக்கு வருவதாக ஆகிவிடும்.

சுசீந்திரம் தேரூர் குளங்கள் 2022-இல் ராம்சர் பட்டியலில், அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியலில், சேர்ந்தவை. அங்கே பறவை பார்க்கப் போகிறவர்கள் கொஞ்சம்தான், போகாமலேயே "பறவைகள் இருக்கட்டும்" என்று நினைப்பவர்கள் நிறைய. பயணச் செலவு முறைக்கு இவர்கள் கண்ணிலேயே படமாட்டார்கள், நேரில் கேட்டுத்தான் ஆக வேண்டும். கேட்பதிலும் பொறி இருக்கிறது. அமெரிக்காவில் ஓர் ஆய்வில் 2,000 பறவைகளைக் காப்பாற்ற, 20,000 பறவைகளைக் காப்பாற்ற, 2,00,000 பறவைகளைக் காப்பாற்ற எவ்வளவு தருவீர்கள் என்று மூன்று குழுக்களிடம் தனித்தனியாகக் கேட்டார்கள். வந்த பதில்கள் முறையே 80, 78, 88 டாலர். பறவைக்கு விலை சொல்லவில்லை, நல்ல காரியத்துக்கு நன்கொடை சொல்லியிருக்கிறார்கள். அதனால் அளவை மாற்றி மாற்றிக் கேட்டுப் பாருங்கள், பணம் எப்படி வசூலாகும் என்பதையும் தெளிவாகச் சொல்லுங்கள். "அரசாங்கம் பார்த்துக்கட்டும், நான் ஏன் தரணும்?" என்று பூஜ்யம் சொன்னவரைப் பறவையே வேண்டாம் என்றவரோடு சேர்த்து எண்ணாதீர்கள்.

கடைசியாக, ஒருவருக்கு இவ்வளவு என்று வந்ததைப் பயணிகள் எண்ணிக்கையால் பெருக்கும் இடம். அதுவரை பார்த்துப் பார்த்துச் செய்துவிட்டு இங்கே கேள்விப்பட்ட எண்ணைப் போடுவார்கள். விற்ற சீட்டு எண்ணிக்கையில் சீட்டில்லாமல் நுழைகிற உள்ளூர்க்காரர்கள் இல்லை, கடற்கரைகளில் பல இடத்தில் சீட்டே கிடையாது. ஒரு சனி, ஒரு செவ்வாய், மழைக்காலத்தில் ஒன்று, கோடையில் ஒன்று என்று ஆள் நிறுத்தி எண்ணுங்கள், அப்புறம் ஒற்றை எண்ணாகச் சொல்லாமல் இதிலிருந்து இதுவரை என்று எழுதுங்கள். நேரத்துக்கு வேறு விலை போட்டால் அந்த எண் எவ்வளவு நகர்கிறது என்பதையும் அதே பக்கத்திலேயே காட்டிவிடுங்கள்.