படம் பார்த்த ராத்திரியே எழுத வேண்டிய நாலு வரி

திண்டுக்கல்லில் மருந்துக் கடை வைத்திருக்கிறேன். வருடம் பிறந்தால் மருந்துக் கம்பெனி ரெப்புகள் ஆளுக்கொரு டைரி கொடுத்துவிட்டுப் போவார்கள். அதில் ஒன்றைப் பார்த்த படங்களுக்கென்றே ஒதுக்கி நாலு வருடம் ஆகிறது.

காரணம் என் அண்ணன் மகன். ஞாயிற்றுக்கிழமை கடையைச் சீக்கிரம் அடைத்துவிட்டு வந்து அவனோடு உட்கார்ந்து படம் பார்ப்பேன். முடிந்ததும் "எப்படி இருந்துச்சு அத்தை?" என்பான். "நல்லா இருந்துச்சுடா" என்பேன். ஒரு மாதம் கழித்து அதே படத்தின் பேச்சு வந்தால், எது நல்லா இருந்தது என்று இரண்டு பேருக்கும் சொல்ல வராது. அத்தனை பேர் உழைத்த ஒன்றை உட்கார்ந்து பார்த்துவிட்டு ஒரு வார்த்தையோடு அனுப்பிவிடுவது எனக்குப் பொறுக்கவில்லை. அப்படித்தான் இந்த நாலு வரிப் பழக்கம் வந்தது. நீங்களும் செய்து பார்க்கலாம்.

முதலில் ஒரு கட்டுப்பாடு. எழுதி முடிக்கும் வரை படத்தைப் பற்றி வேறு யார் சொன்னதையும் படிக்காதீர்கள், போனைத் தள்ளி வையுங்கள். மற்றவர்கள் சொன்னது ஒருமுறை காதில் விழுந்துவிட்டால், உங்களுக்குத் தோன்றியது எது, கேட்டது எது என்று பிரிக்கவே முடியாது.

முதல் வரி வெறும் விவரம். தேதி, எங்கே பார்த்தீர்கள், எந்த மொழியில், யாரோடு. இது எதற்கு என்று தோன்றலாம். 2024இல் வந்த 'மெய்யழகன்' தியேட்டருக்கு வந்த சில நாட்களிலேயே சுமார் 18 நிமிடம் குறைக்கப்பட்டது. முதல் நாள் பார்த்தவரும் பிறகு பார்த்தவரும் உட்கார்ந்து பேசினால் இரண்டு வேறு படங்களைப் பற்றிப் பேசுவது போல இருக்கும். டப்பிங்கும் அப்படித்தான். குரல் மாறினால் ஆளே மாறிவிடுவார்.

இரண்டாவது வரி, ஒரே ஒரு காட்சி. கதைச் சுருக்கம் வேண்டாம், அது எங்கே வேண்டுமானாலும் கிடைக்கும். கண்ணை மூடினால் எது முதலில் வருகிறதோ அதை எழுதுங்கள். 2025இல் ஜேம்ஸ் கன் இயக்கி வந்த 'சூப்பர்மேன்' பார்த்துவிட்டு வந்த அன்று எனக்கு முதலில் வந்தது ஓர் அணில். ஊரே இடிகிற அளவுக்கு ஒரு பெரிய மிருகம் நகரத்துக்குள் புகுந்து மிதிக்கிறது. அதோடு சண்டை போடும்போது சூப்பர்மேன் நடுவில் ஓர் அணிலைத் தூக்கி ஓரமாக விட்டுவிட்டுத் திரும்பி வருகிறான். கண்ணிமைக்கும் நேரம்தான். ஆனால் அவன் யார் என்பது அதற்குள் முழுசாக வந்துவிட்டது. மலையைத் தூக்குகிறவர்களை நிறையப் பார்த்தாயிற்று. மலையைத் தூக்குகிற கை ஓர் அணிலை நசுக்காமல் தூக்கியதுதான் எனக்கு அதிசயம். டைரியில் "அணில்" என்று எழுதி அடியில் கோடு போட்டிருக்கிறேன். அதைப் பார்த்தாலே படம் முழுக்க நினைவுக்கு வந்துவிடுகிறது.

மூன்றாவது வரி, சூப்பர் ஹீரோ படம் என்றால் வில்லனுக்கு. அவனுக்கு என்ன வேண்டும் என்று ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள். "உலகத்தை ஆள வேண்டும்" என்பதைத் தவிர வேறு எதுவும் வரவில்லை என்றால் படம் எங்கே இளைத்தது என்று அங்கேயே தெரிந்துவிடும். இதை எனக்குக் கற்றுக் கொடுத்தது 2021 கிறிஸ்துமஸ் சமயத்தில் வந்த 'மின்னல் முரளி'. பேசில் ஜோசப் இயக்கிய மலையாளப் படம். தையல்காரன் ஜெய்சன் மேல் மின்னல் விழுகிறது. அதே ராத்திரி டீக்கடையில் வேலை செய்யும் ஷிபு மேலும் விழுகிறது. தமிழ் 'ஜோக்கர்' படத்தில் பார்த்த நம்ம குரு சோமசுந்தரம்தான் வில்லன் ஷிபு. அவனுக்கு உலகமெல்லாம் வேண்டாம், அவன் காதலிக்கிற உஷா வேண்டும். அவள் அவனோடு வாழச் சம்மதிக்கிற இடத்தில் அந்த முகம் அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் தடுமாறுகிறது. நான் அங்கே அழுதுவிட்டேன். அவன் செய்கிற கொலைக்கு மன்னிப்பு கிடையாது. ஆனாலும் அவனை வெறுக்க முடியவில்லை. இந்த இரண்டையும் சேர்த்தே எழுதினேன். உங்களுக்குள்ளும் இப்படி இரண்டு எண்ணம் முட்டிக்கொண்டால் ஒன்றை அடித்துவிடாதீர்கள், இரண்டும் இருக்கட்டும்.

வேறு வகைப் படம் என்றால் இந்த வரியை வில்லனுக்குப் பதில் உங்களைக் கவர்ந்த துணைப் பாத்திரம் ஒருவருக்குக் கொடுத்துவிடலாம்.

நாலாவது வரிதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. படம் உங்களிடம் ஏற்கெனவே இருந்த எதைத் தொட்டது? 2025 ஆகஸ்டில் 'லோகா' வந்தது. கல்யாணி பிரியதர்ஷன் நடித்த மலையாளப் படம், யட்சிக் கதைகளில் வரும் கள்ளியங்காட்டு நீலியை எடுத்து இன்றைய பெங்களூருக்குக் கொண்டுவந்த கதை. கேரளத்துக் கதை என்று நினைத்துக்கொண்டு போனேன். ஆனால் கள்ளியங்காடு நம்ம நாகர்கோவில் பக்கம். அதோடு நீலி நமக்கும் பழக்கமானவள். திருவாலங்காட்டுக்குப் பக்கத்துப் பழையனூரில், தன்னைக் கொன்ற கணவனை மறுபிறவியிலும் விடாமல் துரத்திப் பழிவாங்கிய நீலி. எழுபது வேளாளர் முன்னால் நியாயம் கேட்டு அவள் அழுத அழுகைதான் 'நீலிக்கண்ணீர்' ஆனது. சின்ன வயதில் நான் அழுதால் அப்பத்தா "நீலிக்கண்ணீர் வடிக்காதே" என்று அதட்டும். தியேட்டர் இருட்டில் அந்தக் குரல்தான் கேட்டது. கொலை செய்யப்பட்ட ஒரு பெண்ணின் அழுகையைப் பொய்க் கண்ணீருக்குப் பேராக வைத்து இத்தனை காலம் பேசியிருக்கிறோமே என்று அன்று ராத்திரி எழுதினேன். அந்தச் சொல்லை நான் இப்போது பயன்படுத்துவதில்லை.

சரி, படம் பிடிக்கவில்லை என்றால்? "மொக்கை" என்று எழுதாதீர்கள். எந்த இடத்தில் மனம் விலகியது என்று எழுதுங்கள். 'சூப்பர்மேன்' எனக்குப் பிடித்த படம்தான், ஆனாலும் பாக்கெட் யுனிவர்ஸ், அதாவது வில்லன் தனியாக உருவாக்கி வைத்த குட்டி உலகம், வருகிற பகுதி வந்ததும் கண் களைத்துவிட்டது. ஒவ்வொரு மூலையிலும் ஏதோ ஒன்று மின்னுகிறது, யாரைப் பார்ப்பது என்று தெரியவில்லை. அதை அப்படியே எழுதியிருக்கிறேன். மார்க் மட்டும் போட மாட்டேன். ஐந்துக்கு மூன்று என்று எழுதினால் அதற்கு மேல் யோசிக்கத் தோன்றாது.

எழுதியதை மற்றவரிடம் சொல்லும்போது அவர் படம் பார்த்துவிட்டாரா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். பார்க்காதவரிடம் இரண்டாவது வரியை மட்டும் சொன்னால் போதும். அணிலைப் பற்றிச் சொன்னால் யாருக்கும் நஷ்டமில்லை. ஷிபுவுக்குக் கடைசியில் என்ன ஆகிறது என்று சொன்னால் நஷ்டம்.

இன்னொன்று, ஒரு படத்துக்கு ஒரு பக்கம் என்று வைத்துக்கொண்டு, கீழே அரைப் பக்கம் காலியாக விடுங்கள். இரண்டாம் முறை பார்க்கும்போது வேறு நிற மையில் அங்கே எழுதலாம். பழையதை அடிக்காதீர்கள். போன மாதம் 'மின்னல் முரளி'யை மறுபடி போட்டோம். முதல் முறை நீல மையில் "ஷிபு பாவம்" என்று மட்டும் இருந்தது. இந்த முறை மருமகன் ஒன்றைக் கவனித்தான். ஜெய்சனுக்கு அக்கா இருக்கிறாள், எடுத்து வளர்த்த அப்பா இருந்தார், சக்தியை எப்படிப் பயன்படுத்துவது என்று கூடவே நின்று சொல்லித்தர அக்கா மகன் ஜோஸ்மோன் இருக்கிறான். ஷிபு பக்கத்தில் அப்படி யாரும் இல்லை. "அதை நீயே எழுதுடா" என்று பச்சைப் பேனாவைக் கொடுத்தேன். "ரெண்டு பேருக்கும் ஒரே மின்னல்தான் அத்தை" என்று சொல்லிக்கொண்டே எழுதினான்.