இரட்டை வளைவில் முதலாவதை விட்டுக்கொடுங்கள்

வலம் திரும்பி மூச்சு விடுவதற்குள் இடம் திரும்பும் வளைவுகள் யாழ்ப்பாணத்து உள்வீதிகளில் ஏராளம். இரு பக்கமும் மதில் அல்லது வேலி. எதிரே வருவது சைக்கிளா, உழவு இயந்திரமா என்று தெரியாது. மோட்டார் சைக்கிள்காரர்களுக்காக இதை எழுதுகிறேன்.

பிறேக், கியர் மாற்றம் எல்லாவற்றையும் வண்டி நேராக ஓடும்போதே முடித்துவிடுங்கள். வளைவுக்குள் அக்சிலரேட்டரை மெல்லத் திறந்து ஒரே சீராகப் பிடியுங்கள். பயந்து சட்டென்று விட்டால் பாரம் முன்சில்லுக்குத் தாவி, பின்சில்லின் பிடி தளரும். இரண்டு வளைவுக்கும் நடுவே கிடைக்கும் சின்ன நேர்த்துண்டில் முறுக்கும் ஆசை எல்லோருக்கும் வரும். எனக்கும்தான். அடக்கிக்கொள்ளுங்கள்.

இனி, வீதியில் வண்டி ஓடவேண்டிய இடம். வலது வளைவுக்குள் இடது ஓரமாகவே போய், சற்றுப் பிந்தித் திரும்புங்கள். அவசரப்பட்டு முன்கூட்டியே திரும்பினால் வெளியேறும்போது வண்டி இடது ஓரத்துக்கு ஒதுங்கிவிடும்; அங்கிருந்து பார்த்தால் அடுத்த இடது வளைவை மதில் மறைத்துவிடும். முதல் வளைவை விட்டுக்கொடுத்துப் பிந்தித் திரும்பியவர் நடுக்கோட்டுக்கு அருகே வருவார். அவருக்குக் கூடுதல் தூரம் தெரியும். ஆனால் கோட்டை ஒட்டி ஓடாதீர்கள். வண்டி வலப்பக்கம் சாயும்போது சில்லு கோட்டுக்குள் இருந்தாலும் உங்கள் தலை எதிர்ப்பாதையில் இருக்கும்.

கண் எப்போதும் வளைவின் முடிவில். காற்றுக் காலத்தில் மட்டும் தார் மேலும் ஒரு கண் வையுங்கள்: காவோலை ஒன்றில் சறுக்கி முழங்கை தேய்த்தவன் சொல்கிறேன்.