ஹாலோவீன் வாசலில் டீல் பூசணி: அலர்ஜி உள்ள குழந்தையும் பை நிறைய வாங்கிப் போக

அக்டோபர் 31 மாலை அமெரிக்கத் தெருக்களில் வேடம் போட்டு வீடு வீடாக வரும் குழந்தைகளில் சிலருக்கு, பையில் விழும் சாக்லேட்டில் பலவும் ஆகாது. பச்சை கலந்த நீலமான டீல் நிறத்தில் ஒரு பூசணி வாசலில் இருந்தால், அங்கே மிட்டாயோடு, சாப்பிடும் பொருளல்லாத பொம்மை போன்றவையும் கிடைக்கும் என்று அர்த்தம். கிழக்கு டென்னசியில் உணவு அலர்ஜி உள்ள குடும்பங்கள் 2012-இல் தொடங்கிய இந்த வழக்கத்தை, உணவு அலர்ஜி உள்ளவர்களுக்காக இயங்கும் ஃபேர் (FARE) அமைப்பு 2014-இல் நாடு முழுக்கக் கொண்டுபோனது.

பூசணியை வெட்டாமல் முழுதாக வையுங்கள். வெட்டியது சீக்கிரம் அழுகிவிடும். ஈரமும் மெழுகுப் பூச்சும் இருந்தால் பெயின்ட் உரியும். அதனால் சோப்புத் தண்ணீரில் கழுவி, நன்றாகத் துடைத்துக் காயவைத்த பிறகு அக்ரிலிக் பெயின்டை மெல்லிசாக இரண்டு கை அடியுங்கள். முதல் கை முழுக்கக் காயாமல் இரண்டாவதைத் தொட வேண்டாம். நேரமில்லையா? டீல் நிறத் தாளில் பூசணி வரைந்து கதவில் ஒட்டினாலும் போதும்.

மிட்டாய்க்கு ஒரு கிண்ணம், பொம்மைக்கு ஒரு கிண்ணம் என இரண்டு வேண்டும். பலர் தவறுவது இங்கேதான். எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டினால், பிரிந்த உறையிலிருந்து வேர்க்கடலைத் தூள் பொம்மையில் ஒட்டிக்கொள்ளும். கை கழுவிவிட்டு முதலில் பொம்மைகளை எடுத்து வையுங்கள், மிட்டாயைப் பிறகு தொடுங்கள். இருட்டில் ஒளிரும் வளையல், ஸ்டிக்கர், பென்சில், பிளாஸ்டிக் சிலந்தி மோதிரம் எல்லாம் நல்லவை. ப்ளே-டோ களிமண்ணில் கோதுமை இருக்கிறது, லேடக்ஸ் பலூனும் சிலருக்கு ஆகாது, இரண்டும் வேண்டாம். மூன்று வயதுக்குக் கீழே இருந்தால் தொண்டையில் சிக்கும் அளவுள்ள எதையும் கொடுக்காதீர்கள்.

வரும் எல்லாக் குழந்தைகளிடமும் “மிட்டாயா, பொம்மையா?” என்று கேளுங்கள். அலர்ஜி உள்ள பிள்ளை நண்பர்கள் முன்னால் தன் உடல்நிலையை விளக்க வேண்டியிருக்காது. மற்றப் பிள்ளைகளும் பொம்மையைக் கேட்பார்கள் என்பதால், எதிர்பார்க்கும் குழந்தைகளில் பாதிப் பேருக்காவது வாங்கி வையுங்கள். மிஞ்சினால் அடுத்த ஆண்டுக்கு ஆகும்.

பிள்ளைக்கு அலர்ஜி உள்ள வீட்டில் ஒரே சட்டம்: வீடு வந்து லேபிள் பார்க்கும் வரை வாயில் எதுவும் போகக் கூடாது. கிளம்பும் முன் வயிறாரச் சாப்பிட வைத்தால் இது எளிது. அமெரிக்கச் சட்டப்படி ஒன்பது பொருள்களை லேபிளில் சொல்லியாக வேண்டும்: பால், முட்டை, மீன், இறால் நண்டு வகை, மரக்கொட்டைகள், வேர்க்கடலை, கோதுமை, சோயா, 2023 முதல் எள். ஆனால் “இருக்கலாம்” என்ற எச்சரிக்கை கட்டாயமல்ல. அது இல்லை என்பதாலேயே பாதுகாப்பு என்று எடுத்துக்கொள்ள முடியாது. பெரிய பாக்கெட்டுக்குப் பார்த்ததைச் சின்ன பாக்கெட்டுக்கும் நம்பாதீர்கள். வேறு ஆலையில், வேறு சேர்மானத்தில் செய்திருக்கலாம். பெயரும் ஏமாற்றும். அமெரிக்க ஸ்மார்ட்டீஸ் வெறும் சர்க்கரை மிட்டாய், கனடாவில் அதே பெயரில் விற்பது பால் சேர்ந்த சாக்லேட். பழமிட்டாய் போலத் தெரியும் ட்விஸ்லர்ஸில் கோதுமை மாவு உண்டு. லேபிள் இல்லாததை யோசிக்காமல் ஒதுக்குங்கள். ஒதுக்கிய ஒவ்வொன்றுக்கும் மாற்றாக அவர்களுக்கு ஆகும் மிட்டாயோ பொம்மையோ தயாராக இருக்கட்டும். சானிடைசர் வேர்க்கடலைப் புரதத்தை நீக்காது. கையைச் சோப்பும் தண்ணீரும் கொண்டு கழுவுங்கள், வழியில் ஈரத் துடைப்பான் போதும்.

கடும் அலர்ஜிக்கு அவசரமாகப் போடும் எபிநெஃப்ரின் ஊசி இரண்டு, பிள்ளையோடு போகும் பெரியவரின் பையில் இருக்க வேண்டும், காரில் அல்ல. முகமூடி உதட்டு வீக்கத்தையும், முகச்சாயம் தடிப்பையும் மறைத்துவிடும் என்பதால் அவ்வப்போது கழற்றிப் பாருங்கள். மூச்சுத் திணறல், தொண்டை இறுக்கம், மயக்கம், அல்லது உடல் முழுக்கத் தடிப்போடு வாந்தி என்றால் காத்திருக்காதீர்கள். வேடத்தின் தடித்த பஞ்சை விலக்கி, தொடையின் வெளிப்பக்கம் ஊசியைக் குத்தி, கருவியில் எழுதிய நொடிகள் வரை அழுத்திப் பிடியுங்கள். உடனே அவசர உதவி எண் 911-ஐ அழையுங்கள். படுக்க வைத்துக் காலை உயர்த்துங்கள், நடக்க விடாதீர்கள். மூச்சு சிரமமாக இருந்தால் உட்காரலாம், வாந்தி வந்தால் ஒருக்களிக்க வையுங்கள். ஐந்து நிமிடம் கழித்தும் குறையாவிட்டால் இரண்டாவது ஊசி. அலர்ஜி மாத்திரை அரிப்பைக் குறைக்கும், மூச்சை மீட்காது.

தமிழ்க் குடும்பங்களுக்கு இன்னொன்றும் உண்டு. 2024-இல் தீபாவளியும் ஹாலோவீனும் ஒரே நாளில் வந்தன. பக்கத்து வீட்டுக்குப் பலகாரம் கொடுக்கும்போது முறுக்கில் எள், லட்டில் முந்திரி, மிக்சரில் வேர்க்கடலை, மைசூர்பாகில் நெய் என்று டப்பா மூடியில் எழுதி ஒட்டிக் கொடுங்கள்.