பழைய தச்சுக் கருவிகளை விலை மதித்து விற்கும் முறை

மும்பை சோர் பஜாரின் மட்டன் ஸ்ட்ரீட்டிலோ, தாராவியில் பட்டறையை மூடிவிட்டுச் சொந்த ஊர் திரும்பும் ஆசாரியின் வீட்டிலோ ஒரு பழைய இழைப்புளி கிடைத்தால், உடனே தேய்த்துப் பளபளப்பாக்க வேண்டும் என்றுதான் கை பரபரக்கும். அப்படிச் செய்யக் கூடாது. சேகரிப்பவர்கள் பணம் கொடுப்பது முத்திரைக்கும், கை பட்டுப் பட்டுக் கறுத்த பழைய மேற்பரப்புக்கும்தான். தேய்க்கும்போது முதலில் அழிபவையும் அவைதாம்.

எனவே முதல் வேலை, கருவியைப் படிப்பது. அமெரிக்க ஸ்டான்லி நிறுவனத்தின் ‘பெய்லி’ என்ற இரும்பு உடல் வகை இழைப்புளியானால், அலகை (வெட்டும் தகட்டை) கழற்றிவிட்டு அது படுத்திருந்த இடத்திற்குப் பின்னால் அடிப்பகுதியில் காப்புரிமைத் தேதிகள் உள்ளனவா என்று பார்க்க வேண்டும். கடைசித் தேதி 1910 ஏப்ரல் 19 என்றிருந்தால், அந்த உடல் அதற்கு முன்னர் வார்க்கப்பட்டதாக இருக்க முடியாது. ஆனால் அதே ஆண்டில்தான் செய்யப்பட்டது என்று பொருளல்ல. முன்பக்கக் குமிழ் குட்டையாக இருந்தால் அது ஏறக்குறைய 1920-க்கு முந்தையது எனலாம். அலகிலும் உடலிலும் உள்ள முத்திரைகள் ஒரே காலத்தைச் சேர்ந்தவையா என்றும் ஒப்பிட வேண்டும். ஏனெனில் பழைய சாமான் கடைகளில் இரண்டு மூன்று இழைப்புளிகளின் உறுப்புகளைச் சேர்த்து ஒன்றாக்கி விற்பது சாதாரணம். உளிகளில், எஃகுக்குப் பெயர்பெற்ற இங்கிலாந்து நகரான ஷெஃபீல்டின் பெயரையும், மும்பையில் கிடைப்பவற்றில் ஜி.ஐ.பி. (கிரேட் இந்தியன் பெனின்சுலா) ரயில்வே முத்திரையையும் தேடலாம். அந்த ரயில்வே 1951-இல் மத்திய ரயில்வேயில் இணைந்துவிட்டதால், அம்முத்திரை கருவியின் வயதுக்கு நல்ல சாட்சி. ஆயினும் ரயில்வே முத்திரையுள்ள பொருளை வாங்குவோர், அது முறையாக ஏலத்தில் வந்ததற்கான சீட்டையும் கேட்டுப் பெறுவது நல்லது.

அடுத்து, குறைகள். அலகு வெளிவரும் வாயருகே மயிரிழை விரிசல் இருந்தாலும் விலை சரிந்துவிடும். அலகு தீட்டித் தீட்டிக் குட்டையாகியிருந்தால் வேலைக்கு வாங்குபவர் தயங்குவார். மேலோட்டமான துரு பெரிய குறையல்ல. குழி விழுந்த துருதான் குறை.

ஒருமுறை நான், ராபோன் என்ற இங்கிலாந்து நிறுவனத்தின் முத்திரையுள்ள ரசமட்டம் ஒன்றை வாங்கினேன். ஈட்டி மர உடல், இரு முனையிலும் பித்தளைத் தகடு, அதில் பர்மிங்காம் என்ற எழுத்து. பாலிஷ் பட்டறையில் கொடுத்து வாங்கியபோது தகடு தங்கம்போல் மின்னியது; எழுத்தோ விரலால் தடவினாலும் தெரியாத அளவு தேய்ந்திருந்தது. வாங்க வந்தவர் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் மேசையில் வைத்துவிட்டார். அன்றிலிருந்து தையல் இயந்திர எண்ணெயும் மிக மெல்லிய எஃகுக் கம்பளியும் (ஸ்டீல் வூல்) தவிர வேறெதையும் இரும்பில் நான் பயன்படுத்துவதில்லை. பித்தளையை உலர்ந்த துணியால் மட்டுமே துடைக்கிறேன். மும்பையின் மழைக்காலத்தில் எண்ணெய் பூசிய துணியில் சுற்றி வைக்காவிட்டால் சில நாட்களிலேயே துரு திரும்பிவிடும்.

விலை வைக்கும்போது, இணையத்தில் பிறர் கேட்கும் விலையைப் பார்க்காமல், விற்று முடிந்த விலைகளை மட்டும் பார்க்க வேண்டும். விற்பனைப் படத்தில் முத்திரையையும் குறையையும் அருகிலிருந்து காட்டிவிட்டால், பேரமும் குறையும், பொருள் திரும்பி வருவதும் குறையும்.

வெளிநாட்டுக்கு அனுப்ப நினைப்பவர்கள் 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் மற்றும் கலைக் கருவூலச் சட்டத்தை அறிந்திருக்க வேண்டும். நூறாண்டு நிறைந்த கைவினைப் பொருட்கள் அதன்படி தொல்பொருளாகக் கருதப்படலாம். தொல்பொருளைத் தனியார் ஏற்றுமதி செய்யவே முடியாது, உள்நாட்டில் வணிகமாக விற்கவும் உரிமம் வேண்டும். ஐயமிருந்தால், அனுப்புமுன் இந்தியத் தொல்லியல் துறையிடம் அது தொல்பொருளல்ல என்ற சான்றிதழைப் பெற்றுக்கொள்ள வேண்டும்.