சார்ஜ் நிற்கவில்லை, போன் கொதிக்கிறது: புதுசு வாங்கும் முன் ஒரு வாரம் இதைச் செய்து பாருங்கள்

அப்பாவின் ஆண்ட்ராய்டு போனுக்கு நாலரை வயது. காலை 6 மணிக்கு 100 சதவீதத்தோடு சார்ஜரிலிருந்து கழற்றுவார். மத்தியானச் சாப்பாட்டுக்குள் 30க்கு வந்துவிடும். பேரனைப் போட்டோ எடுக்கலாம் என்று கேமராவைத் திறந்தால் பொட்டென்று அணைந்துவிடும். திரும்ப ஆன் செய்தால் 28 சதவீதம் என்று ஒன்றும் நடக்காத மாதிரி காட்டும். சட்டைப் பையில் வைத்தால் இட்லித் தட்டு மாதிரி நெஞ்சில் சுடுகிறது என்று வேறு புலம்பல். "இது அவ்வளவுதான்டா, வேற பார்த்துடலாம்" என்று அவரே தீர்ப்பும் சொல்லிவிட்டார்.

ஒரு வாரம் டைம் கேட்டேன். அந்த வாரத்தில் செய்ததைத்தான் அதே வரிசையில் கீழே எழுதியிருக்கிறேன். காசு செலவில்லாதவை முதலில், காசு கேட்பவை கடைசியில். ஒன்றை மட்டும் பிடிவாதமாகக் கடைப்பிடியுங்கள்: ஒரு நாளைக்கு ஒரு மாற்றம்தான். கவரைக் கழற்றி, சார்ஜரை மாற்றி, நாலு ஆப்பையும் அழித்துவிட்டு போன் சரியாகிவிட்டால், எது கோளாறு என்று கடைசிவரை தெரியாது.

ஒரு தாளும் பேனாவும் வேண்டும். நான் கிழித்துப்போட்ட தினசரி காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதினேன். நேரம், சார்ஜ் எவ்வளவு, அப்போது போனில் என்ன ஓடிக்கொண்டிருந்தது, தொட்டால் எங்கே சுட்டது, இந்த நாலு போதும். எங்கே சுடுகிறது என்பது முக்கியம். கேமராவுக்குக் கீழே மேல்பாதி சுட்டால் பெரும்பாலும் உள்ளே ஏதோ ஆப் வேலை செய்கிறது. நடுவிலும் கீழ்ப்பாதியிலும் சுட்டால் பேட்டரி. சார்ஜ் போடும் ஓட்டைக்குப் பக்கத்தில் மட்டும் சுட்டால் கேபிளையோ ஓட்டையையோ சந்தேகப்படுங்கள். எல்லா மாடலுக்கும் இது அப்படியே பொருந்தாது, ஆனால் தொடங்குவதற்கு நல்ல துப்பு.

1. முதலில் பேட்டரி உப்பியிருக்கிறதா என்று பாருங்கள்

இந்த ஒரு படியை மட்டும் தாண்டக் கூடாது. கவரைக் கழற்றி, போனைத் திரை மேலே பார்க்கும்படி கண்ணாடி மேஜையில் வைத்து லேசாகச் சுற்றி விடுங்கள். கேமரா மேடு இடித்து ஆடுவது வேறு, நடு முதுகு புடைத்துப் பம்பரம் மாதிரி சுற்றுவது வேறு. திரையின் ஓரம் தூக்கிக்கொண்டு நிற்கிறதா, பின்மூடிக்கும் சட்டத்துக்கும் நடுவே நகம் போகிற அளவு சந்து விழுந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

உப்பியிருந்தால் கீழே உள்ள எதையும் முயல வேண்டாம். சார்ஜ் போடாதீர்கள், அணைத்துவிடுங்கள், அமுக்கி உட்கார வைக்கப் பார்க்காதீர்கள். ஊசியால் குத்திக் காற்றை இறக்கலாம் என்று யாராவது சொன்னால் அவரிடமிருந்து போனைப் பிடுங்கி வையுங்கள். லித்தியம் பேட்டரிக்குள் இருப்பது எளிதில் தீப்பற்றும் திரவம். குத்தினால் உள்ளேயே ஷார்ட் ஆகித் தீப்பிடிக்கும். மெத்தை, துணி பக்கத்தில் இல்லாமல் வெறும் தரையில் வைத்துவிட்டு, அன்றைக்கே சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோங்கள்.

அப்பாவின் போன் சுற்றவில்லை. சரி, அடுத்தது.

2. போன் எங்கே வசிக்கிறது?

அப்பாவின் போனுக்கு ஒரு தடித்த ரெக்சின் ஃபிளிப் கவர். திறந்தால் ஆதார் நகல், பழைய பஸ் டிக்கெட் இரண்டு, பத்து ரூபாய் நோட்டுகள், கோயிலில் கொடுத்த திருநீற்றுப் பொட்டலம். பின்னால் பார்த்தால் கவருக்கும் போனுக்கும் நடுவே மடித்து வைத்த கரண்ட் பில். போனுக்குள் விசிறி கிடையாது. முதுகு வழியாகத்தான் சூட்டை வெளியேற்றும். அந்த முதுகுக்கு நாம் கம்பளி போர்த்தியிருக்கிறோம்.

அடுத்து, சார்ஜ் போடும் இடம். எங்கள் வீட்டில் அது ஃபிரிட்ஜின் தலை. மேலே பூத்தையல் போட்ட துணி, அதன்மேல் ஸ்டெபிலைசர், அதை ஒட்டியே போன். ஸ்டெபிலைசர் எப்போதும் வெதுவெதுப்பாக இருக்கும். ஃபிரிட்ஜும் உள்ளே இருக்கும் சூட்டை வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும். ராத்திரி முழுக்க போன் அந்தச் சூட்டில்தான் கிடந்திருக்கிறது. கவரைக் கழற்றி, ஹாலில் வெறும் மர ஸ்டூலில் வைத்து சார்ஜ் போடச் சொன்னேன். மறுநாளே சார்ஜ் ஏறும்போது இருக்கும் சூடு பாதியாகக் குறைந்தது போல் தெரிந்தது. தலையணைக்கு அடியில் வைத்து சார்ஜ் போடுகிறவர்களுக்கும் இதேதான்.

வெயிலையும் கணக்கில் எடுங்கள். ஐபோனைப் பயன்படுத்த ஏற்ற சுற்றுப்புற வெப்பம் 0 முதல் 35 டிகிரி வரை என்று ஆப்பிள் சொல்கிறது. கத்திரி வெயிலில் வேலூரிலும் திருத்தணியிலும் நிழலிலேயே 40ஐத் தாண்டுகிறது. அந்த நேரத்தில் பைக் ஹாண்டில்பாரில் போனை மாட்டி, பிரைட்னஸை முழுதாக ஏற்றி, மேப் போட்டுக்கொண்டு போனால் புதுப் போனே திணறும். அது கோளாறு இல்லை. மேப்பின் குரலை மட்டும் காதில் கேட்டுக்கொண்டு திரையை அணைத்து வையுங்கள், பெரிய வித்தியாசம் தெரியும்.

சூடான போனை ஃபிரிட்ஜுக்குள் வைக்காதீர்கள். வெளியே எடுத்ததும் சொம்பின் மேல் முத்து முத்தாக நீர் கோர்ப்பது போல போனுக்குள்ளேயும் கோர்க்கும். ஃபேனுக்கு அடியில் பத்து நிமிடம் வைத்தால் போதும்.

3. சார்ஜர், கேபிள், ஓட்டை

இது சின்ன வேலை. இன்னொரு கேபிளைப் போட்டுப் பாருங்கள். போனை அணைத்துவிட்டு, சார்ஜ் ஓட்டைக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். சட்டைப் பையின் பஞ்சு உள்ளே இறுகி மெத்தை மாதிரி கிடக்கும். மரத்தாலான பல்குச்சியால் மெதுவாகக் கிளறி எடுங்கள். ஊக்கு, குண்டூசி கூடாது, உள்ளே இருக்கும் பின்கள் போய்விடும். சார்ஜர் போனோடு வந்ததாகவோ அதே கம்பெனியுடையதாகவோ இருப்பது நல்லது.

4. யார் கள்ளத்தனமாக வேலை செய்கிறார்கள்?

செட்டிங்ஸில் பேட்டரி பகுதிக்குப் போனால் எந்த ஆப் எவ்வளவு தின்றது என்ற பட்டியல் இருக்கும். புதிதாகப் பார்க்கிறவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள். யூடியூப் முதலிடத்தில் இருந்ததும் "யூடியூப்தான் பிரச்சினை" என்று முடிவுகட்டிவிடுவார்கள். அப்பா தினமும் மூன்று மணி நேரம் பிரசங்கம் கேட்கிறார், அது முதலிடத்தில் இல்லாவிட்டால்தான் ஆச்சரியம். நீங்கள் தேட வேண்டியது வேறு: திறந்து பார்த்ததே இல்லை, ஆனால் பின்னணியில் மணிக்கணக்கில் ஓடியிருக்கிறது என்று காட்டும் ஆப்.

அப்பாவின் பட்டியலில் நாலாவதாக அப்படி ஒன்று உட்கார்ந்திருந்தது. போனைச் சுத்தம் செய்து, வேகமாக்கி, குளிரவும் வைப்பதாகச் சொல்லும் ஆப். எப்போது போட்டார் என்று அவருக்கே தெரியவில்லை. "உங்கள் போன் ஆபத்தில் இருக்கிறது" என்று ஏதோ விளம்பரம் மிரட்டியிருக்கும், இவர் பயந்து சரி என்று அமுக்கியிருப்பார். குளிரவைக்கும் ஆப் என்று ஒன்று உலகத்தில் இல்லை. எந்த ஆப் ஓடினாலும் பிராசஸர் வேலை செய்யும், வேலை செய்தால் சூடுதான் வரும்.

யார் என்று பட்டியலில் பிடிபடவில்லை என்றால் சேஃப் மோடில் போட்டுப் பாருங்கள். பவர் பட்டனை அழுத்தி, திரையில் வரும் பவர் ஆஃப் படத்தின் மேல் விரலை எடுக்காமல் வைத்திருந்தால் பல ஆண்ட்ராய்டு போன்களில் சேஃப் மோடு கேட்கும். அந்த நிலையில் நாம் இறக்கிய ஆப் எதுவும் ஓடாது. இரண்டு மணி நேரம் அப்படியே வையுங்கள். சூடு அடங்கினால் குற்றவாளி ஏதோ ஒரு ஆப். ரீஸ்டார்ட் செய்தால் பழைய நிலைக்கு வந்துவிடும். பிறகு, கடைசியாகப் போட்ட ஆப்பில் தொடங்கி ஒவ்வொன்றாக எடுத்துப் பாருங்கள்.

அப்புறம், ஓடிய ஆப்களை நிமிடத்துக்கு ஒரு தரம் மேலே தள்ளித் தள்ளி மூடும் பழக்கம் பலருக்கு உண்டு. அதனால் லாபமில்லை. அடிக்கடி திறக்கும் ஆப்பை ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து எழுப்ப வேண்டி வந்து, கூடத்தான் செலவாகும்.

5. ராத்திரிப் பரிசோதனை

இரண்டு ராத்திரி வேண்டும். முதல் ராத்திரி 10 மணிக்கு சார்ஜ் எவ்வளவு என்று எழுதிவிட்டு, வழக்கமான இடத்தில் வழக்கம்போல் வைத்துவிட்டுத் தூங்குங்கள், சார்ஜர் இல்லாமல். காலை 6 மணிக்கு மறுபடி எழுதுங்கள். இரண்டாம் ராத்திரி அதையே ஃபிளைட் மோடில் போட்டுச் செய்யுங்கள். அலாரம் அடிக்கும், கவலை வேண்டாம், போன்கால்தான் வராது.

எங்கள் தாளில் இருந்தது இது: முதல் ராத்திரி 17 சதவீதம் இறங்கியது. ஃபிளைட் மோடில் 3. அந்தச் சுத்தம் செய்யும் ஆப்பை அதற்கு முன்பே எடுத்துவிட்டேன், ஆகவே இது வேறு கணக்கு. அப்பா படுக்கும் உள்ளறையில் டவர் ஒரு கோடு வரும், போகும். டவர் எட்டாதபோது போன் சும்மா இருக்காது. சத்தத்தைக் கூட்டிக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கும், அதற்கும் கரண்ட் வேண்டும். 5ஜி வராத இடத்தில் நெட்வொர்க்கை 4ஜிக்கு மாற்றி வைத்தால் தேடும் வேலை குறையும். வீட்டில் வைஃபை இருந்தால் வைஃபை காலிங்கை, அதாவது டவருக்குப் பதில் வைஃபை வழியாகவே போன் பேசும் வசதியை, ஆன் செய்யுங்கள். இரண்டையும் செய்து, போனை ஜன்னல் பக்கம் வைத்த பிறகு ராத்திரி இறக்கம் 6 ஆனது.

ஃபிளைட் மோடிலும் பத்துக்கு மேல் இறங்கினால் கோளாறு டவரில் இல்லை. நாலாவது படிக்குத் திரும்புங்கள், அங்கேயும் ஒன்றும் சிக்கவில்லை என்றால் அடுத்ததற்குப் போங்கள்.

6. பேட்டரிக்கே வயசாகிவிட்டதா?

இவ்வளவு செய்தும் கேமரா திறந்தால் அணைவது மட்டும் நிற்கவில்லை. அது பேட்டரியின் வேலை.

மொட்டைமாடித் தண்ணீர் டேங்கை நினைத்துக்கொள்ளுங்கள். உப்புத் தண்ணீர் ஊர். வருஷக்கணக்கில் அடியில் உப்பும் சேறும் படிந்து, 1000 லிட்டர் டேங்கில் 700தான் பிடிக்கிறது. இது ஒரு நோய்: சார்ஜ் சீக்கிரம் தீர்வது. கீழே வரும் குழாயிலும் உப்பு படிந்து துவாரம் சுருங்கியிருக்கிறது. ஒரு குழாயைத் திறந்தால் தண்ணீர் நன்றாக வரும். ஷவர், வாஷிங் மெஷின் எல்லாம் ஒரே நேரத்தில் திறந்தால் நூலாகிவிடும். டேங்கில் தண்ணீர் இருக்கிறது, ஆனால் கேட்ட வேகத்தில் வரவில்லை. இது இரண்டாவது நோய்.

வயதான பேட்டரியில் உள்தடை, அதாவது அந்தக் குழாய் அடைப்பு மாதிரி உள்ளே கரண்ட் ஓட்டத்தைத் தடுப்பது, கூடிவிடுகிறது. கேமரா திறந்ததும் திரை, பிராசஸர், ஃபிளாஷ் எல்லாம் ஒரே மூச்சில் கரண்ட் கேட்கும். முழுதாக ஏறிய பேட்டரி 4.2 முதல் 4.4 வோல்ட் வரை காட்டும். அந்த வோல்டேஜ் அந்த ஒரு நொடியில் போனுக்குத் தேவையான அளவுக்குக் கீழே சரிந்தால், போன் அணைந்துவிடும். அணைந்ததும் சுமை போய் வோல்டேஜ் பழையபடி ஏறும், அதனால்தான் மறுபடி 28 என்று காட்டுகிறது. சார்ஜ் ஏறும்போது பேட்டரி சுடுவதற்கும் இதே உள்தடை ஒரு காரணம்.

2017 டிசம்பரில் ஆப்பிள் ஒப்புக்கொண்டது இந்த விவகாரத்தைத்தான். பேட்டரி தளர்ந்த பழைய ஐபோன்கள் இப்படித் திடீரென்று அணையாமல் இருக்க, அவற்றின் வேகத்தைத் தானே குறைத்து வைத்திருந்தது. வாடிக்கையாளர்கள் கொந்தளித்ததும் 79 டாலர் பேட்டரி மாற்றத்தை 29 டாலருக்குக் கொடுத்தது. பேட்டரி மாற்றியவர்களுக்கு வேகமும் திரும்பி வந்தது. ஆகவே "போன் ஸ்லோவாகிவிட்டது" என்பதும் சில சமயம் பேட்டரி நோய்தான்.

ஐபோனில் செட்டிங்ஸின் பேட்டரி ஹெல்த் பகுதியில் சதவீதம் இருக்கும். 80க்குக் கீழே வந்தால் மாற்றும் நேரம். சாம்சங்கில் சாம்சங் மெம்பர்ஸ் ஆப்பில் பரிசோதனை இருக்கிறது. மற்ற ஆண்ட்ராய்டுகளில் அக்யூபேட்டரி மாதிரி ஒரு ஆப்பைப் போட்டு, நாலைந்து தடவை நீளமாக சார்ஜ் ஏற்றினால் தோராயமான கொள்ளளவைச் சொல்லும். ஒரு தடவை ஏற்றிவிட்டு வரும் எண்ணை நம்பாதீர்கள். அப்பாவின் போன் வாங்கும்போது கொள்ளளவு 5000 எம்ஏஎச் (mAh). ஆப் சொன்னது 3400 சொச்சம்.

7. மாற்றும்போது

முதலில் கம்பெனி சர்வீஸ் சென்டரில் விலை கேளுங்கள். பழைய மாடலுக்கு ஸ்டாக் இல்லை என்றால்தான் வெளிக்கடை. பேக்கப் எடுத்துக்கொண்டு, சிம்மைக் கழற்றிக்கொண்டு போங்கள், கண் முன்னாலேயே பிரிக்கச் சொல்லுங்கள். வாட்டர்ப்ரூஃப் போனாக இருந்தால், பிரித்து ஒட்டிய பிறகு அந்தக் காப்பை நம்ப முடியாது.

சில வருஷம் முன்பு என் சொந்த போனில் நான் பட்டது இது. ஒரு கடையில் 5000க்குப் பதில் "6000 போடுறேன் சார், ரெண்டு நாள் நிக்கும்" என்றார்கள். வாயைப் பிளந்துகொண்டு சரி என்றேன். மூன்று மாதத்தில் பழையதைவிட மோசமாகிவிட்டது. அதே நீளம், அதே அகலம், அதே கனத்தில் எப்படி ஆயிரம் கூடும் என்று அன்றைக்குத் தோன்றவில்லை. ஸ்டிக்கரில் இருக்கும் எண் கம்பெனி பேட்டரியைவிட அதிகமாக இருந்தால் விலகி வந்துவிடுங்கள். பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) முத்திரை, ஐஎஸ் 16046 என்ற தர எண், 'ஆர்' எழுத்தில் தொடங்கும் பதிவு எண், தயாரித்த தேதி, இவை இருக்கின்றனவா என்று ஒட்டுவதற்கு முன்பே பாருங்கள். ஸ்டிக்கரையும் போலியாக அச்சடிக்கலாம்தான், ஆனால் அதுகூட இல்லாததை வாங்கவே வேண்டாம்.

புது பேட்டரி போட்டபின் அப்பாவுக்கு ஒரே ஒரு பழக்கம்தான் மாற்றச் சொன்னேன். ராத்திரி முழுக்க சார்ஜில் விடாமல், காலைக் காபி நேரத்திலும் சாயங்காலமும் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிக்கொள்வது. 20க்கும் 80க்கும் நடுவே இருந்தால் பேட்டரிக்கு அலுப்புக் குறைவு. உங்கள் போனில் 80 அல்லது 85இல் நிறுத்தும் வசதி இருந்தால் அதை ஆன் செய்துவிட்டு மறந்துவிடலாம்.

கழற்றிய பழைய பேட்டரியை அவர் பத்திரமாக வீட்டுக்குக் கொண்டுவந்து, மேஜை டிராயரில் தீர்ந்துபோன டார்ச் செல்களோடு போட்டு வைத்திருந்தார், "எதுக்காவது ஆகும்" என்று. எதற்கும் ஆகாது. முனைகளில் செல்லோ டேப் ஒட்டி, குப்பைத் தொட்டியில் போடாமல், சர்வீஸ் சென்டரின் மின்கழிவுப் பெட்டியில் போட்டுவிட்டு வந்தேன். டார்ச் செல்களை மட்டும் தர மறுத்துவிட்டார்.