சின்ன ஸ்பீக்கரைக் குறை சொல்லும் முன்

எட்டு மாதம் வைத்திருந்த ஒரு ஜோடி சின்ன ஸ்பீக்கரை, பேஸ் (தாழ்ந்த, கனமான ஒலி) போதவில்லை, பாடுபவரின் குரல் நடுவில் நிற்பதில்லை என்று சொல்லி நண்பர் ஒருவரிடம் விற்றேன். குறையை மறைக்காமல் சொல்லித்தான் விற்றேன். அந்த நேர்மையில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. மூன்று வாரம் கழித்து அவர் வீட்டுக்குப் போனபோது அதே பெட்டிகள் வேறு பிறவி எடுத்ததுபோல் பாடிக்கொண்டிருந்தன. பாடகியின் குரல் இரண்டு பெட்டிக்கும் நடுவே, வெறும் சுவர் இருந்த இடத்தில், கை நீட்டினால் தொடலாம் என்பதுபோல் நின்றது. நான் செய்யாத எதை அவர் செய்தார்? ஒயரைச் சரியாக மாட்டியிருந்தார், அவ்வளவுதான்.

ஸ்பீக்கரின் முதுகில் சிவப்பு, கறுப்பு என இரண்டு முனைகள் உண்டு. ஒரு பெட்டியில் மட்டும் அவை இடம் மாறினால், ஒன்றில் காற்றைத் தள்ளி ஒலி எழுப்பும் கூம்பு முன்னே வரும்போது மற்றதன் கூம்பு பின்னே போகும். 100 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு நூறு முறை அதிரும் ஒலியின் அலை சுமார் 3.4 மீட்டர் நீளம். அந்த நீளத்தோடு ஒப்பிட்டால், இரண்டு மீட்டர் இடைவெளியில் நிற்கும் இரண்டு பெட்டிகள் கிட்டத்தட்ட பக்கத்தில் பக்கத்தில் இருப்பவைதான். எனவே ஒன்று தள்ளும் காற்றை மற்றது இழுத்துக்கொள்ள, பேஸ் காணாமல் போகிறது. மேல்சுருதி ஒலிகள் அப்படி முழுதாக அழிவதில்லை. ஆனால் இடம் தெரியாமல் சிதறிவிடும். நான் சொன்ன இரண்டு குறைகளும் அச்சு அசலாக இந்தக் கோளாறின் அடையாளங்கள். எட்டு மாதம் அதைக் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறேன்.

சோதிப்பது எளிது. ஒருவர் பேசும் பதிவு ஒன்றை மோனோவில் (இரண்டு பெட்டியிலும் ஒரே ஒலி வரும்படி) ஓடவிட்டு இரண்டுக்கும் நடுவில் உட்காருங்கள். ஆம்ப்ளிஃபயரை அணைத்துவிட்டு ஒரே ஒரு பெட்டியின் ஒயர்களை மாற்றி மாட்டி மறுபடி கேளுங்கள். எந்த நிலையில் குரல் ஒரே புள்ளியில், கனமாக நிற்கிறதோ அதுதான் சரி. உள்ளே தெரியும் பிளாஸ்டிக் உறை போட்ட ஒயர்களில் இரண்டு இழையும் ஒரே செம்பு நிறத்தில் இருந்து ஏமாற்றும்; ஒன்றின் உறைமீது மெல்லிய கோடோ எழுத்தோ ஓடும், அதைத் தேடுங்கள்.

அன்றிலிருந்து, "இந்த ஸ்பீக்கர் இப்படி" என்று சொந்தக்காரர் யார் சொன்னாலும் அதை அப்படியே எடுத்துக்கொள்வதில்லை. அவர் சொல்வது அந்தப் பெட்டியைப் பற்றி மட்டுமல்ல. அவருடைய சுவர், நாற்காலி, ஒயர், கேட்கும் நேரம் எல்லாம் அந்த ஒரு வாக்கியத்துக்குள் இருக்கின்றன. அவருக்கே அது தெரிவதில்லை. எனக்குத் தெரியவில்லை அல்லவா?

பெயரை நம்பி அலமாரிக்குள் வைப்பது

புக்‌ஷெல்ஃப் ஸ்பீக்கர் என்ற பெயரை யார் வைத்தார்களோ, அவர்கள் செய்த கெடுதல் கொஞ்சமல்ல. புத்தக அலமாரியில் வைக்கும் அளவுதான் என்று அதற்குப் பொருள் சொல்லலாம். அங்கேதான் வைக்க வேண்டும் என்று பொருள் கொண்டால் போச்சு. தாழ்ந்த ஒலி பெட்டியைச் சுற்றி எல்லாத் திசையிலும் பரவும். உயர்ந்த ஒலி முன்பக்கமாகத்தான் பாயும். சுவரை ஒட்டி வைத்தால் பின்னால் போகிற பேஸ் திரும்பி வந்து சேர்ந்துகொள்கிறது. மூலையில் வைத்தால் இரண்டு சுவரும் தரையும் சேர்ந்து ஊதிப் பெருக்குகின்றன. பானைக்குள் பேசுவதுபோன்ற "உம்" என்ற ஒலியைக் கேட்டுவிட்டு ஸ்பீக்கர் மந்தம் என்று தீர்ப்பு எழுதுகிறோம். பின்பக்கம் காற்றுத் துளை உள்ள பெட்டிகளில் இது இன்னும் மோசம். வேறு வழியே இல்லை என்றால், அந்தத் துளைக்கென்று சில பெட்டிகளோடு வரும் பஞ்சுத் தக்கையைச் செருகிப் பாருங்கள். பேஸ் குறையும், ஆனால் தெளியும்.

சரி, சுவரிலிருந்து இழுத்து வைத்தால் எல்லாம் தீர்ந்துவிடுமா என்றால், அதுவும் இல்லை. கூம்புக்கும் பின்சுவருக்கும் 60 சென்டிமீட்டர் இருந்தால், சுவரில் பட்டுத் திரும்பும் ஒலி கூடுதலாக 1.2 மீட்டர் பயணம் செய்கிறது. அது 143 ஹெர்ட்ஸ் அலையின் சரிபாதி. திரும்பி வரும் அலை நேர் அலைக்கு எதிராக வந்து நிற்க, அந்த இடத்தில் ஒரு பள்ளம் விழும். ஆண் குரலின் கனமும் செல்லோவின் உடலும் இருக்கிற இடம் அது. 50 சென்டிமீட்டர் என்றால் பள்ளம் 170 ஹெர்ட்ஸ் பக்கம் நகரும். 70 என்றால் 120 ஹெர்ட்ஸ் பக்கம். பத்து சென்டிமீட்டர் நகர்த்துவது, பலர் பணம் கொடுத்து மாற்றும் கேபிளைவிடப் பெரிய மாற்றம் என்று நான் சொல்வது இதனால்தான்.

நாற்காலிக்கும் இதே கதைதான். எதிரெதிர்ச் சுவர்களுக்கு இடையே சில அலைகள் மாட்டிக்கொண்டு நின்ற இடத்திலேயே ஆடும். 4 மீட்டர் நீள அறையில் அவை 43 ஹெர்ட்ஸிலும் அதன் மடங்குகளிலும் வரும். சின்ன ஸ்பீக்கர்கள் 43 வரை கீழே போக மூச்சு வாங்கும் என்பதால், அவற்றுக்கு முக்கியம் அடுத்த மடங்கான 86. அந்த அலை சுவர்களிலும் அறையின் நடுவிலும் உச்சத்தில் நிற்கும். இரண்டு சுவர்களிலிருந்தும் ஒரு மீட்டர் தள்ளிய கோடுகளில் செத்துக் கிடக்கும். அந்தக் கோட்டில் உட்கார்ந்திருப்பவர் "பேஸே இல்லை" என்பார். பின்சுவரில் தலை சாய்த்திருப்பவர் "பேஸ் அதிகம்" என்பார். இருவர் வைத்திருப்பதும் ஒரே மாதிரி ஸ்பீக்கர்.

உயரம் பற்றிச் சுருக்கமாக: ட்வீட்டர், அதாவது உயர்ந்த ஒலியைத் தரும் சின்னக் கூம்பு, காது மட்டத்தில் இருக்கட்டும். மேசைமேல் வைத்தால் முன்பக்கத்தைச் சற்றுத் தூக்கிச் சாய்த்து வையுங்கள். இடம் போதவில்லை என்று பெட்டியைப் படுக்க வைக்காதீர்கள். படுத்துவிட்டால் தலையைக் கொஞ்சம் அசைத்தாலும் காதிலிருந்து ட்வீட்டருக்கும் வூஃபருக்கும் (தாழ்ந்த ஒலியைத் தரும் பெரிய கூம்பு) உள்ள தூரம் வெவ்வேறு அளவில் மாறும். இரண்டும் வேலையைப் பகிர்ந்துகொள்ளும் 2,000, 3,000 ஹெர்ட்ஸ் பகுதியில், அதாவது காது மிகக் கூர்மையாக இருக்கும் இடத்தில், ஓட்டை விழும்.

முதல் வாரத்திலேயே தீர்ப்பு

புதிய பெட்டியைப் பிரித்த அன்று எல்லாருமே கவிஞர்கள். "இதுவரை கேட்காத நுணுக்கங்களைக் கேட்டேன்" என்ற வாக்கியத்தை நானே பலமுறை சொல்லியிருக்கிறேன். புதிதாக ஒன்று வாங்கியவர், பழக்கமான பாட்டையே காதைத் தீட்டிக்கொண்டு கேட்கிறார். கேட்கும் முறை மாறியதால் வந்த நுணுக்கம் பெட்டியின் கணக்கில் எழுதப்படுகிறது. பிறகு, ஓடி ஓடி ஸ்பீக்கர் பழகிவிட்டது, ஒலி மென்மையாகிவிட்டது என்பார்கள். வூஃபரின் விளிம்பு சற்றுத் தளர்வது உண்மை. ஆனால் அந்த மாற்றம் சிறியது. பெரும்பாலும் பழகியது நம் காது.

ஒப்பிடும்போது செய்யும் தவறு இன்னும் நுட்பமானது. இரண்டில் எது ஒரு டெசிபல் (சத்தத்தை அளக்கும் அலகு) கூடுதல் சத்தமோ, அது "தெளிவாக", "உயிரோடு" இருப்பதாகத் தோன்றும். சத்தம் என்று தோன்றாது, தரம் என்றே தோன்றும். ஒரே ஆம்ப்ளிஃபயரில், குமிழை அதே எண்ணில் வைத்து இரண்டு ஸ்பீக்கர்களை மாற்றி மாற்றிக் கேட்பது நியாயம்போல் தெரியும். 84 டெசிபல் உணர்திறன் (அதே மின்சாரத்துக்கு எவ்வளவு சத்தம் தருகிறது என்ற அளவு) கொண்டதையும் 89 கொண்டதையும் அப்படிக் கேட்டால், இரண்டாவது ஐந்து டெசிபல் முன்னிலையோடு ஓட்டத்தைத் தொடங்குகிறது. அளவு பார்த்துச் சமன்செய்யாத ஒப்பீட்டை நான் இப்போது காதில் போட்டுக்கொள்வதில்லை.

கண்ணும் சும்மா இருப்பதில்லை. ஃபிளாய்ட் டூல், ஷான் ஆலிவ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1994இல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். அதே ஸ்பீக்கர்களை ஒரு முறை திரைக்குப் பின்னாலும் ஒரு முறை கண் பார்க்கவும் வைத்து மதிப்பெண் போடச் சொன்னார்கள். எது என்று தெரிந்ததும் மதிப்பெண்கள் மாறின. பழகிய காது உள்ளவர்களும் இதற்குத் தப்பவில்லை.

இடம் மாறினால் பெயரே மாறும் என்பதற்கு யமஹா என்எஸ்-10 போதும். 1978இல் வீட்டில் பாட்டுக் கேட்பதற்கென்று வந்த, வெள்ளைக் கூம்பு வைத்த பெட்டி. வீட்டில் அதை யாரும் பெரிதாகக் கொண்டாடவில்லை. ஒலிப்பதிவுக் கூடங்களில் மிக்ஸிங் மேசையின் மேல் வைத்தபோது, பதிவின் குறைகளை ஈவிரக்கமில்லாமல் காட்டிக்கொடுக்கும் கருவியாக அது புகழ் பெற்றது. ட்வீட்டரின் கூச்சலைத் தணிக்க அதன்மேல் டிஷ்யூ காகிதம் ஒட்டியவர்களும் உண்டு. பி.பி.சி.யின் எல்எஸ்3/5ஏ இதற்கு நேர் எதிர். 1970களில் வெளிப்புற ஒலிபரப்பு வேனுக்குள் குரலைக் கண்காணிக்க உருவாக்கிய, ஐந்து லிட்டர் அளவேயான பெட்டி. பெரிய கூடத்தில் பெரும் சத்தத்துக்கு அதைப் பிடித்து உட்கார வைத்தால் பாவம், தவிக்கும். அருகில் உட்கார்ந்து மனிதக் குரலைக் கேட்டவர்கள் வீட்டுக்கே எடுத்துப் போய்விட்டார்கள்.

சின்னப் பெட்டியிடம் பெரிய பெட்டியின் வேலையை வாங்குவது

சிறிய உருவம், ஆழமான பேஸ், குறைந்த வாட்டில் நிறையச் சத்தம். இந்த மூன்றில் இரண்டைத்தான் பெறலாம். ஒலிப் பொறியாளர்கள் இதை ஹாஃப்மனின் இரும்பு விதி என்பார்கள். அந்த மூன்றாவதைக் குமிழ் திருகி வாங்கப் பார்ப்பதுதான் பெரிய தவறு. ஒரே அளவு சத்தத்துக்கு, சுருதி ஓர் ஆக்டேவ் இறங்கினால், அதாவது ஹெர்ட்ஸ் பாதியானால், கூம்பு நான்கு மடங்கு தூரம் அசைய வேண்டும். 80 ஹெர்ட்ஸில் ஒரு மில்லிமீட்டர் அசைந்த கூம்பு 40 ஹெர்ட்ஸில் நான்கு மில்லிமீட்டர் போக வேண்டும். பல சின்ன வூஃபர்களுக்கு அது வேலியைத் தாண்டும் வேலை. பேஸ் குமிழை முழுக்கத் திருகினால் ஆழம் வராது; மிருதங்கத்தின் தொப்பி ஒலி அட்டைப் பெட்டியைத் தட்டியதுபோல் ஆகும், கூடவே குரலும் கலங்கும். உண்மையிலேயே ஆழம் வேண்டுமென்றால் சப்வூஃபர், அதாவது பேஸுக்கென்றே உள்ள தனிப் பெட்டி, சேர்ப்பதே வழி. 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை அதற்குப் பிரித்துக் கொடுத்து, அது ஓடுவதே தெரியாத அளவுக்குச் சத்தத்தைக் குறைத்து வையுங்கள்.

இரவில் மெல்லக் கேட்பவர்கள் ஒன்றை நினைவில் கொள்ளலாம். சத்தம் குறையக் குறைய காது முதலில் கைவிடுவது தாழ்ந்த ஒலிகளைத்தான். ஃபிளெட்சர், மன்சன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1933இலேயே இதை அளந்து காட்டினார்கள். நள்ளிரவில் கேட்டுவிட்டு "ஒல்லியான ஒலி" என்பது ஸ்பீக்கர்மேல் போடும் பொய் வழக்கு. பழைய ஆம்ப்ளிஃபயர்களில் இருக்கும் லவுட்னஸ் பொத்தான் இதற்காகவே வந்தது.

வாட் கணக்கும் பலரை ஏமாற்றுகிறது. 50 வாட்டிலிருந்து 100 வாட்டுக்குப் போனால் கிடைப்பது மூன்று டெசிபல்தான். இரண்டு மடங்கு சத்தமாகத் தோன்ற ஏறக்குறைய பத்து டெசிபல் வேண்டும், அதாவது பத்து மடங்கு வாட். ஸ்பீக்கரில் 100 வாட் என்று அச்சிட்டிருப்பதால் சின்ன ஆம்ப்ளிஃபயர் ஆபத்தில்லாதது என்று நினைத்து அதன் கழுத்தை நெரிப்பவர்கள் உண்டு. மூச்சுத் திணறும் ஆம்ப்ளிஃபயர் அலையின் முகட்டை வெட்டித் தள்ளும். அந்த வெட்டில் பிறக்கும் உயர்ந்த ஒலிகள் ட்வீட்டரின் மெல்லிய சுருளைச் சுட்டுவிடும். ஒலி கரகரத்தால் குறையுங்கள், கடைசி எண் வரை குமிழ் திரும்புகிறது என்பதற்காகத் திருப்பாதீர்கள்.

என்னிடம் ஸ்பீக்கர் வாங்கிய நண்பர் அண்மையில் வீடு மாறினார். போன வாரம் தொலைபேசியில் அழைத்து, "நீங்கள் அன்று சொன்னது சரிதான் போலிருக்கிறது, இதில் பேஸே இல்லை" என்றார். குரல் நடுவில் நிற்கிறதா என்று கேட்டேன். அருமையாக நிற்கிறது என்றார். அப்படியானால் ஒயர் இல்லை. அறை எவ்வளவு நீளம் என்று கேட்டேன். நாலு மீட்டர் இருக்கும் என்றார். நாற்காலிக்கும் பின்சுவருக்கும் எவ்வளவு என்று கேட்டதும் போனைக் கீழே வைத்துவிட்டு அளவு நாடாவைத் தேடப் போனார்.